நூற்றுக்கு நூறு

“நூத்துக்கு அறுவது பேரு டீ குடிக்காக. நாப்பது பேரு காப்பி குடிக்காக. ரெண்டும் குடிக்காதவுக எம்புட்டுப் பேரு, சொல்லுங்க?”

டீக்கடைக்காரர் ஊர்க்காவலன் கிளாஸைக் கழுவியபடியே, “அறுவதும் நாப்பதும் நூறு. ஒருத்தரும் பாக்கியில்ல அண்ணாச்சி” என்கிறார்.

கனகசபாபதிக்கு வருமே கோபம்! “ரெண்டையும் குடிக்கிறவுக இருவத்தஞ்சு பேரு இருந்தா? அவுகள ரெண்டு தரம் எண்ணிப்புட்டீகளே! அப்ப இருவத்தஞ்சு பேரு விட்டுப்போச்சுல்ல?” என்று பெஞ்சைத் தட்டுகிறார். அவருடைய டீ ஆறி ஆடை கட்டிவிடுகிறது.

ஐம்பது வயது. வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர்களில் பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துவது வேலை. சைக்கிள் கேரியரில் மருந்துப் பெட்டி, காதில் பென்சில், பட்டாசு லேபிள்களின் வெள்ளைப் புறம் தெரியத் தைத்த நோட்டு. எந்த வெயிலிலும் தன் தலைக்குத் துண்டு போடமாட்டார். மருந்துப் பெட்டிக்கு ஈரத்துணி போடுவார். யாரைக் கண்டாலும் முகத்துக்கு முன்னால் புஜத்தில் அம்மை குத்திய தழும்பைத்தான் பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமனையே சட்டைக் கையை மடிக்கச் சொன்ன ஆசாமி. கிறுக்கு என்று ஊரில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் நான் அவருடைய ஆபீசில் குமாஸ்தா. தாயில்பட்டிக்குத் தெற்கே, நானூறு பேர் உள்ள ஓர் ஊரில் அவர் இரண்டு தடவை குத்தினார். முதல் தடவை நூற்றுக்கு அறுபது பேர். ஒரு மாதம் கழித்து நாற்பது. கூட்டிப் பார்த்து, ‘எல்லோருக்கும் குத்தியாயிற்று’ என்று எழுதிக் கொடுத்தார். அதை முத்து முத்தாகப் படியெடுத்து மேலிடத்துக்கு அனுப்பியவன் நான். நானும் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது!

இரண்டாம் தடவை வந்தவர்களில் பாதிக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள். அம்மை குத்திக்கொண்டால் அரை நாள் லீவு என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். முன்பே குத்திக்கொண்ட நூறு பேர், பாவிகள், மறு கையை நீட்டியிருக்கிறார்கள்! ஊசிக்குப் பயந்து கடலைக்காட்டில் ஒளிந்த நூறு பேர் எங்கள் கணக்கில் இல்லவே இல்லை. கணக்கு நிறைந்துவிட்டதால் மூன்றாம் தடவை யாரும் போகவில்லை. அடுத்த பங்குனியில் அம்மை அந்த வீடுகளுக்குப் போயிற்று. கைக்குழந்தையோடு ஒளிந்த மாரித்தாயின் மகளுக்கு ஒரு கண் போயிற்று.

போன வாரம் அவரோடு அந்த ஊருக்குப் போனேன். இப்போதெல்லாம் அவர் கூட்டுவதில்லை. வீடு வீடாக ஏறி, ஆள் ஆளாகப் பெயர் எழுதி, தழும்பைத் தொட்டுப் பார்த்துத்தான் கோடு போடுகிறார். மாரித்தாய் மோர் கொண்டுவந்தாள்.

“நீங்க என்ன செய்வீக ஐயா, நாந்தான ஓடி ஒளிஞ்சேன்” என்றாள்.

“இல்ல தாயி. நீ பாக்கின்னு தெரிஞ்சிருந்தா மூணாந்தரம் வந்திருப்பேன். என் கணக்குத்தான் தப்பு” என்றார் கனகசபாபதி.

‘நானும்தான் அம்மா’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. மோரைக் குடித்துக்கொண்டு சும்மா நின்றேன். எவ்வளவு கோழை நான்!

வாசலில் பிள்ளைகள் கையைக் காட்ட வரிசையில் நின்றார்கள். மாரித்தாயின் மகள் சின்னத்தாய்க்கு இப்போது எட்டு வயது. அம்மை வந்து போனவளுக்கு இனிக் குத்த வேண்டியதில்லை; ஆனாலும் அவளும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எனக்கும் பாருங்கய்யா.”

கனகசபாபதி பென்சிலைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, சுருட்டிய சட்டைக் கையை மெல்ல இழுத்து விட்டார்.