ஆம்புரோஸ் தன் கையால் கட்டிய வார்

அலாஸ்காவில் ஒரு தீவில் இருக்கும் எங்கள் டிலிங்கிட் இனத்து ஊருக்குச் சாலை மொத்தம் மூன்று மைல். அதில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் ஆம்புரோஸ். எங்கள் ஜனம் காகப் பக்கம், கழுகுப் பக்கம் என்று இரண்டு. காகப் பக்கத்தாரான எங்களுடைய செப்புக் குத்துவாளுக்கு இன்றைய காவலரும் அவர்தான். கரடியைக் கண்டால் பேருந்தைப் பின்னுக்கு எடுப்பார். வீட்டில் சால்மன் மீனைக்கூட மனைவி லவீனாதான் அறுக்க வேண்டும். "கத்தியப் பாத்து ஜனங்க பயப்படணும். என் கைக்கு வந்ததுலேருந்து கத்திதான் பயந்துகிட்டு இருக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்களில் எல்லாம் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் வரும். முன்பு வாளைக் காத்து, போன வருடம் இறந்துபோன மாமாவுக்கு மருமகன்கள் மூன்று பேர். ஒருவனைக் கடல் கொண்டுபோனது, ஒருவனை நகரம் கொண்டுபோனது, மிச்சம் இவர்.

வடக்கே ஆற்றங்கரையில் கிடைத்த செம்பைத் தட்டித் தட்டிச் செய்த வாள் அது. செம்பு பட்ட காயம் ஆறாது என்பார்கள். பிடியிலிருந்து தொங்கும் தோல்வாரை மணிக்கட்டில் சுற்றி, நுனித் துளையில் நடுவிரலை மாட்டிக்கொண்டால், ஆள் செத்து விழுந்தாலும் வாள் கையை விட்டுப் போகாது. இப்போது சண்டை கிடையாது. எங்களில் ஒருவர் இறந்து ஓராண்டானதும், நாங்கள் பெண் கொண்டு பெண் கொடுக்கும் கழுகுப் பக்கத்தாரை அழைத்து விருந்து வைப்போம். அன்றைக்கு வாளை உயர்த்தி அதன் பெயரைச் சொல்ல வேண்டும். கழுகுப் பக்கம் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் துக்கம் தீராது, இறந்தவர் போக வழியில்லாமல் நிற்பார்.

மாமாவின் விருந்துக்கு மூன்று வாரம் இருந்தபோது வார் அறுந்தது. கண்ணாடி முன்னால் ஆம்புரோஸ் மாவீரனாக ஒத்திகை பார்த்ததில் அடுப்புக் கதவில் மாட்டிக்கொண்டது. காகத்தின் பொருளைக் கழுகுதான் செப்பனிட வேண்டும். எங்கள் வீட்டைக் கட்டுவதும் அவர்கள், எங்கள் பிணத்தை எடுப்பதும் அவர்கள். அதற்குத்தான் விருந்தில் மரியாதை செய்கிறோம். லவீனாவின் அண்ணன் எல்மர் கழுகுப் பக்கம், எதிர்வீடு. அவரிடம் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் எப்படி அறுந்தது என்று எல்மர் கேட்பாரே! ஆம்புரோஸ் கடல்நாய்த் தோலை ஊறவைத்துத் தானே ஒரு வாரைக் கட்டிவிட்டார்.

"எங்கண்ணன் உயிரோடதான இருக்காரு?" என்றாள் லவீனா. "இல்ல, எனக்குத் தெரியாம பொதச்சிட்டீங்களா?"

"சின்ன வாரு லவீனா, அதுக்குப் போயி..."

"உங்க மாமாவுக்குப் பெட்டி செஞ்சது யாரு? அப்ப மட்டும் கேக்கத் தெரிஞ்சுதுல்ல?"

எல்மர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆம்புரோஸ் இரண்டு தடவை எதிர்வீட்டுப் படியேறினார். இரண்டு தடவையும் நாயிடம் நலம் விசாரித்துவிட்டு இறங்கி வந்தார்.

விருந்தன்று மதியம் கூடம் நிறைந்திருந்தது. எல்மர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாள் கைநழுவி விழுந்துவிடக் கூடாதே என்று ஆம்புரோஸ் வாரை நன்றாக நனைத்து, மணிக்கட்டில் ஏழு சுற்றுச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார். வாளை உயர்த்தினார். பெயரைச் சொன்னார்.

பதில் இல்லை. கழுகுப் பக்கம் முழுக்க எல்மரைப் பார்த்தது. எல்மர் கூரையைப் பார்த்தார்.

அடுப்புச் சூட்டில் தோல் காயத் தொடங்கியது. காய்ந்த தோல் இறுகியது. விரல்கள் ஊதா நிறமாயின.

"மச்சான்" என்றார் ஆம்புரோஸ். "அவுத்து விடு மச்சான்."

"ஏன், கட்டத் தெரிஞ்ச ஆளுக்கு அவுக்கத் தெரியலையா?"

கூடம் சிரித்தது.

"தெரியல. கட்டவும் தெரியல. கண்ணாடி முன்னாடி ஆட்டம் போட்டு அடுப்புக் கதவுல மாட்டி அறுத்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன்னக் கேக்காம நானே கட்டினது தப்பு. என்னைத் திட்டு. மாமாவ நிக்க வெச்சுடாத."

எல்மர் எழுந்து வந்தார். நகத்தால் முடியவில்லை, பல்லைப் போட்டார். "தூ! என்ன தோலு இது!" ஒருவழியாக வார் கழன்றது. ரத்தம் திரும்பப் பாய்ந்ததும் ஆம்புரோஸ் அழுதார். வலி என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். பொய். மாமா செத்த நாளிலிருந்து அன்றுதான் அழுதார்.

எல்மர் சட்டைப் பையிலிருந்து எண்ணெய் தடவிப் பதமாக்கிய மான்தோல் வார் ஒன்றை எடுத்தார். நுனியில் விரலுக்குத் துளைகூடப் போட்டிருந்தது.

"அறுந்துச்சுன்னு தங்கச்சி சொன்ன அன்னிக்கே செஞ்சுட்டேன். மூணு வாரமா பையிலயே கெடக்கு. வந்து கேப்பேன்னு பாத்தா, நீ நாய்கிட்ட பேசிட்டுப் போற."

வாரை வாளில் பூட்டி, மணிக்கட்டில் தளர்வாகச் சுற்றிவிட்டு எல்மர் கழுகுப் பக்கம் போய் நின்றார். உட்காரவில்லை. அவர் பக்கத்தார் எல்லாரும் எழுந்தார்கள்.

"தூக்கு மாப்ள" என்றார். "பேரை இன்னொரு தடவ சொல்லு. நாங்க பதில் சொல்றோம்."