ஒட்டினாற்போல் இடம்

என் கடைசி மகன் சிங்கப்பூருக்குப் போகாமல் என்னோடு இருக்க வேண்டுமானால், ஒரு கணினியின் நினைவகத்தில் பெரிய இடம் ஒன்று ஒரே துண்டாகக் கிடைக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், மலாக்கா மாநிலத்துப் பெம்பானில் எங்கள் வீட்டு நிலைமை அதுதான். அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மற்ற பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

மலாக்கா டவுன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. அங்கே செய்கிற சாமான்களைக் கேமரா படம் பிடிக்கும்; கணினி அதில் பழுது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் நன்றாக ஓடுமாம். மதியத்துக்கு மேல், படத்தை வைக்க இடமில்லை என்று நின்றுவிடுமாம். சரிசெய்தால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் முதலாளி.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். இதையெல்லாம் கேட்கவே கூச்சம். ஒரு நாள் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கவும் கேட்டுவிட்டேன்.

"எடமே இல்லையாப்பா?"

"இருக்கும்மா. அங்கொன்னு இங்கொன்னா கெடக்கு. படத்த உள்ள எழுதுற கேமரா அட்டைக்குத் தாவித் தாவி எழுதத் தெரியாது, ஒட்டினாப்ல வேணும். உள்ள கெர்னல்னு ஒன்னு இருக்கு, கல்யாணப் பந்தியில எடம் காட்டுற மாமா மாதிரி. அதுதான் கைய விரிக்குது."

"கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்ல வேண்டியதுதானே?"

சிரித்துவிட்டான். "எலையில சோறு விழுந்தாச்சு லா. பாதிச் சாப்பாட்டுல யாரும்மா எந்திரிப்பா?"

சம்பந்தி வீட்டாருக்குப் பந்தி தொடங்கும் முன்பே ஒரு வரிசை பிடித்து வைப்போம் அல்லவா, கடைசியில் அவனும் அதைத்தான் செய்தான். கணினி விழித்ததும், வேறெதுவும் உள்ளே வருமுன், கேமராவுக்கென்று ஒரு பெரிய துண்டை ஒதுக்கினான். சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது. அன்றைக்குக் கடலோரத்து உம்பாய்க்குப் போய்ச் சுட்ட மீன் வாங்கி வந்தான்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கேமரா சும்மா இருக்கும்போதும் அந்த இடத்தை வேறு யாரும் தொட முடியாது. மற்ற வேலைகள் இடம் போதாமல் ஊர்ந்தன. பந்தியிலும் அப்படித்தான், சம்பந்தி வீட்டார் வர நேரமானால், காலி இலைகளைப் பார்த்து நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். வெளியில் வேறு கருவி வாங்கிக்கொள்கிறோம், வேலை நிரந்தரம் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"அவரு சொல்றதும் சரிதாம்மா," என்றான், சிங்கப்பூருக்குக் கொண்டுபோகச் சட்டையை மடித்துக்கொண்டே.

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையிடமும் எனக்குக் கூச்சம்.

"அங்க குளிருமாப்பா?" என்று கேட்டேன்.

"இங்க அடிக்கிற வெயிலுதாம்மா அங்கயும்," என்று பெட்டியை மூடினான்.