உயர்த்திக்குள் நின்ற அறுபது கிலோ மனிதன்

நாலைந்து மழையைக் குடித்த தேயிலைக் கொழுந்துச் சாக்கில் ஒரு புளித்த வாடை வரும். அந்தச் சாக்கைத்தான் அம்மா எங்கள் ‘குவாட்டர்ஸ்’ சமையலறைப் படியில் விரித்துப் போடுவாள், மேகலா வந்து உட்காருவதற்கு. அப்பா தோட்டத்து ஆபீசில் பெரிய ‘கிளாக்கர்’. மேகலாவின் அம்மா மலையில் கொழுந்தெடுப்பவர், தொழிலாளர் லயத்தில் ஓர் அறையில் குடியிருப்பவர். ஆகவே நாங்கள் இருவரும் பதுளையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உயர்தரம் படித்தாலும் எங்கள் வீட்டில் அவளுக்கு நாற்காலி கிடையாது. வகுப்பில் என்னை ‘நீ’ என்பவள் இந்தப் படிக்கு வந்ததும் ‘நீங்க’ என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நல்லவள் வேஷம் போட வேண்டாம் பாருங்கள்.

தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து அந்த வருடம் விஞ்ஞானப் பிரிவுக்குப் போனது நாங்கள் இரண்டே பேர். பௌதிகவியல் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே, “முதலாந் தவணையில நாப்பதுக்குக் கீழ எடுக்கிற ஆக்கள் பேசாமல் கலைப்பிரிவுக்குப் போங்கோ, என்னட்ட வந்து கெஞ்சிக்கொண்டு நிக்கப்படாது” என்று சொல்லிவிட்டார். மேகலாவுக்கு சயன்ஸ் டீச்சராக வேண்டும். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒருவர் வந்ததே இல்லை. “நானே படிச்சிட்டு வந்து நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன் பாரு” என்று பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சத்தமாகச் சொல்வாள். எனக்கு அப்படி ஒரு ஆசையும் இல்லை. அப்பா சொன்னார், படித்தேன்.

அவளுக்கு டியூஷன் இல்லை, எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது; சனிக்கிழமைகளில் அவள் கொப்பியோடு வருவது அதனால்தான். ஆனால் மூளை அவளுக்குத்தான். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு அவளுக்கு ‘ஏ’, எனக்கு ‘சி’. “லயத்துப் புள்ள ஒனக்கு முன்னுக்கு நிக்குது, ஆபீசுல தலை காட்ட முடியல” என்று அப்பா சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சொன்னார். “நல்லா சொல்லிக் குடுத்து அவள ஏத்தி விடு, அப்புறம் நீ வாயப் பொளந்துகிட்டு நில்லு” என்பாள் அம்மா. ஒரு மழைக்காலம் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு தின்றேன்.

தவணைப் பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை. சேர் பத்துக் கணக்குகள் கொடுத்து, திங்கட்கிழமை இவற்றிலிருந்துதான் வரும் என்று சொல்லியிருந்தார். மேகலா ஒன்றில் மட்டும் நின்றுவிட்டாள். அறுபது கிலோ திணிவுள்ள மனிதன் உயர்த்திக்குள் தராசின் மேல் நிற்கிறான். உயர்த்தி மேல்நோக்கி ஆர்முடுக, அதாவது வேகம் கூட்டத் தொடங்கும்போது தராசு எவ்வளவு காட்டும்?

“நான் லிப்ட்டுல ஏறுனதில்லீங்க. ஆனா பீலியில தண்ணி பிடிச்சிட்டு கேனை வெடுக்குனு தூக்குனா கை கனக்குது, மெதுவா தூக்குனா தெரியல. அப்ப இங்கயும் கூடத்தானே வேணும்?”

சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவுதான் அந்தப் பாடம். டியூஷன் மாஸ்டர் ஒரு மணி நேரம் படம் கீறி விளக்கியதை அவள் தண்ணிக் கேனை வைத்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

“தண்ணிக் கேனும் லிப்ட்டும் ஒண்ணா? அது கிளம்பினா ஒடம்பு மெதக்குற மாதிரி இருக்கும், பாரம் கொறையும். நான் கொழும்புல ஏறியிருக்கேன். நீ ஏறியிருக்கியா?”

அவள் கூட்டல் குறியை அழித்துவிட்டுக் கழித்தல் போட்டாள். “நல்லவேளை, உங்ககிட்ட கேட்டேன்” என்றாள்.

சோதனையில் அந்தக் கணக்கே வந்தது, ஏறுவதும் இறங்குவதுமாக இரண்டு பகுதி. இரண்டையும் தலைகீழாக எழுதியிருந்தாள். முப்பத்து நாலு. சேர் அவளை எழுப்பி நிறுத்தினார்.

“மேல வெளிக்கிடேக்க உமக்கு நிறை குறையுமோ? தண்ணி அள்ளுற பிள்ளையளுக்கே தெரிஞ்ச விசயம் எல்லோ இது! ஆர் சொன்னது உமக்கு இப்பிடி?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

“யாரும் சொல்லல சேர். நானாத்தான் எழுதுனேன்.”

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள். “நீ ஏறினன்னிக்கு அந்த லிப்ட்டு கீழ எறங்கியிருக்குமோ? அதுல மாத்தி நெனச்சிட்டியோ?” என்று கேட்டாள். நான் தப்பிக்க அவளே ஒரு வழி தேடிக் கொடுத்தாள், பாவி மகள்! “இருக்கும்” என்றேன். கலைப்பிரிவில் இரண்டு மாதம் இருந்தாள். பிறகு பஸ்ஸில் அவளைக் காணவில்லை. கொழும்பில் ஏதோ மாடிக் குடியிருப்பில் வேலைக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். அப்பா அன்று கேலியாக ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

இப்போது அந்தக் குவாட்டர்ஸில் யாரும் இல்லை. கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொப்பியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுப் படிக்கு வரும் பிள்ளைகளும் இல்லை, கணக்கைப் படம் பிடித்து போனில் அனுப்பிவிடுகிறார்கள். அவற்றுக்கு விடை அனுப்புவது நான்தான். தெமோதரையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பௌதிகவியல் வகுப்பு நடத்துகிறேன். மேகலா ஆசைப்பட்ட வேலை. ஆசைப்படாத எனக்குக் கிடைத்தது.

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவளை அந்த நிறுத்தத்தில் கண்டேன். நல்ல சேலை, கையில் தன் கடைசித் தங்கச்சிக்கு வாங்கிய புதுப் பை. சுகம் விசாரித்தோம். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“மொத நாளு பதினாலாவது மாடிக்கு ஏறுனேங்க. கிளம்புனதும் காலு கனத்துச்சு. எறங்குறப்ப வயிறு மெதந்துச்சு. ரெண்டையும் மாத்தி நெனைக்கவே முடியாதுங்க. கூட வந்தவங்க ஏன் அழுவுறேன்னு கேட்டாங்க. ஊரு ஞாபகம்னு சொன்னேன்.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தங்கச்சி விஞ்ஞானம் படிக்கிறாளாமே, என்னிடம் அனுப்பு, சும்மாவே சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். “பாப்போங்க” என்றாள்.

அந்தப் பிள்ளை சனிக்கிழமை தவறாமல் என் வகுப்புக்கு எதிரே நின்று பஸ் ஏறிப் பண்டாரவளைக்கு டியூஷனுக்குப் போகிறாள். சென்ற வாரம் அடைமழை. குடை இல்லாமல் என் வகுப்புத் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கினாள். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தபடி ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“காட்டும்மா, பாப்போம்” என்று கை நீட்டினேன்.

அவள் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள். எழுந்து நின்று, மரியாதையாகவே சொன்னாள்.

“உங்ககிட்ட மட்டும் கேக்க வேணாம்னு அக்கா சொல்லியிருக்குங்க டீச்சர்.”

மழை விடவில்லை. அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நனைந்துகொண்டு நின்றாள்.