மலையேறக் கூடாத இருபத்து நான்கு மணி நேரம்

மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். நிலாவெளிக் கடலில் அலையில்லை, வானத்தில் மேகமுமில்லை. எழுபத்தோரு வயதில், முதுகில் காற்றுச் சிலிண்டருடன் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். என் மூக்குக்கண்ணாடியைக் கிளாக்கர் வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கிளாக்கர் என் நண்பர். மலைநாட்டு மஸ்கெலியாவில் தோட்ட ஆபீசில் அவர் கிளார்க்காக வேலை பார்த்த காலமெல்லாம், அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியர். இப்போது அவர் கோயில் கமிட்டித் தலைவர், நான் உறுப்பினர். கடலுக்கடியில் பவளப்பாறை பார்க்க வேண்டுமென்பது என் வெகுநாள் ஆசை. அவருடைய மருமகன் நிலாவெளியில் டைவிங் சொல்லிக்கொடுக்கிறான், என் பழைய மாணவன். அவனிடம் கட்டணத்தில் கழிவு பேசிக் குறைத்து, என்னை டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வைத்து, நாளையும் குறித்தவர் கிளாக்கர்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கமிட்டிக் கூட்டம். கோயிலின் முன் அறையில் நான் நடத்தும் வாசிகசாலையை எடுத்துவிட்டு, அறையை வாடகைக்கு விடலாமா என்பதுதான் விஷயம். அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் அங்கே இருந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் இருந்து படிக்க வேறு இடமில்லை. எங்கள் கமிட்டியில் சீட்டுப் போடும் வழக்கம் கிடையாது. சாமிக்கு முன்னால் நின்று கை தூக்க வேண்டும். ஏழு பேரில் வாசிகசாலைப் பக்கம் என்னோடு நான்கு கை. நான் இல்லாவிட்டால் மூன்றுக்கு மூன்று. சமமானால் தலைவர் சொல்வதே முடிவு.

கிளாக்கர் வாடகைப் பக்கம். அதை அவர் மறைக்கவில்லை. "கோயிலுக்கு வருமானம் வேணும் மாஸ்டர். சண்டைய ஞாயித்துக்கெழம வச்சுக்குவோம். சனிக்கெழம கடலப் பாத்துட்டு ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துருவோம்" என்று சிரித்திருந்தார். அதை நம்பித்தான் வெள்ளிக்கிழமையே அவரோடு கிளம்பி வந்து, நிலாவெளியில் அறையெடுத்துத் தங்கினேன்.

மருமகன் கையைப் பிடித்து ஆறு மீட்டர் ஆழத்துக்கு என்னை இறக்கினான். என் மூச்சுகளை எண்ணிக்கொண்டு போனேன். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. தவறியும் நான் கவலைப்படவில்லை. மான்கொம்பு போலக் கிளைத்த பவளத்தைக் கிளிமீன்கள் கொறித்தன. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்பதுபோல அந்தச் சத்தம் தண்ணீருக்குள் கேட்டது. ஓர் ஆமை என்னைப் பொருட்படுத்தாமல் கடந்துபோனது. மேலே வந்தபோது படகிலிருந்து கிளாக்கர் கையாட்டினார்.

கரையில் தேநீரோடு வந்த மருமகன் கேட்டான். "ரூம் வசதியா இருக்கா மாஸ்டர்? இன்னிக்கும் அங்கதானே?"

"இல்லப்பா, மத்தியானம் பஸ்."

"ஐயோ, டைவ் பண்ணிட்டு இருபத்துநாலு மணி நேரம் மலைக்குப் போகக் கூடாது. ஒடம்புக்குள்ள போன காத்து மேல ஏற ஏறக் குமிழி விடும், சோடாப் போத்தலத் தொறந்த மாதிரி. மாமாகிட்ட மொதல்லயே சொன்னேனே. ஒங்களுக்கு மட்டும் இன்னொரு ராத்திரிக்கு ரூம் போடச் சொன்னாரே."

"மாமாவுக்கு?"

"அவரு தண்ணியில எறங்கலயே. நாளைக்கு ஏதோ கூட்டமாம்." அவன் முகம் மலர்ந்தது. "கோயில் ரூம எனக்குத்தான் எடுத்துத் தர்றாரு மாஸ்டர். அடுத்த மாசம் ஊரோட வந்து போன் கடை போடப்போறேன். நீங்கதான் வந்து வெளக்கேத்தணும்."

அந்தக் கூட்டம் எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. நான் எழுந்து போனேன். கிளாக்கர் பையோடு ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"தெரிஞ்சேதான் கூட்டி வந்தீங்களா கிளாக்கரே?"

கண்ணாடியைத் துடைத்து என் கையில் வைத்தார். "ஆசப்பட்டீங்க, காட்டிட்டேன். பிரஷர் வேற இருக்கு, நல்லா ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்."

"நான் போன்ல ஓட்டுச் சொல்லுவேன்."

"சாமி முன்னால போன் வந்து கை தூக்குமா?"

வேறொருவன் என்றால் துணிந்து பஸ் ஏறியிருப்பான். மாத்திரை ஐந்து நிமிடம் பிந்தினாலே நாடி பிடித்துப் பார்க்கிறவன் நான். என் பயத்தை இத்தனை வருடமும் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குத்தான் பஸ் ஏறினேன். பஸ் மலையேறிக் கினிகத்தேனை வரும்போது எங்கள் பக்கத்து உறுப்பினர் ஒருவர் போனில் அழைத்தார். "மூணுக்கு மூணு மாஸ்டர். தலைவர் வாடகைக்குன்னு சொல்லிட்டாரு. புத்தகத்தையெல்லாம் ஒங்க வீட்டு வாசல்ல எறக்கியிருக்காங்க. மழை வருது, சாக்குப் போட்டு மூடியிருக்கேன்."

டைவிங், சான்றிதழ், அறை, பஸ் எல்லாம் சேர்த்து இருபத்தேழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். அதுவும் கிளாக்கர் பேசித் தந்த கழிவு போக.