இரண்டு என்று வந்த ரிப்போர்ட்டு

செராமிக் சூளையில் முப்பது வருஷம் நெருப்புப் பார்த்தவன் நான். எரிகிற சூளைக்குள் தலையை விட்டுப் பார்க்க முடியாது. துவாரத்தின் வழியாகக் கம்பியை விட்டு ஒரு சாம்பிள் துண்டை இழுப்போம். அதில் மெருகு சரியாக உருகியிருந்தால் உள்ளே இருக்கிற அத்தனை ஜாடியும் சரி. அந்தத் திமிர்தான் என் குடியைக் கெடுத்தது.

என் மனைவிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சி.இ.ஏ. என்கிற புரதத்தைப் பார்க்கச் சொன்னார்கள். புற்று திரும்பினால் அது ஏறுமாம். ஸ்கேனும் கட்டாயம் என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரத்தத்தை விருத்தாசலத்திலேயே கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் இரண்டுதான் வந்தது. ஐந்துக்குள் இருந்தால் சரி என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். அதைச் சூளையில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். ஸ்கேனுக்குப் போக வேண்டிய மாதத்தில் கார்த்திகை விளக்கு ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. போகவில்லை.

"என்னங்க, வலது பக்கம் விலாவுக்குக் கீழ பாரமா இருக்குது. சோறும் எறங்கல" என்றாள் ஒருநாள்.

"நம்பரு ரெண்டுதான இருக்குது. சாம்பிளு நல்லா வந்தா சூளையும் நல்லாதான் இருக்கும். நீயா எதாவது நெனச்சுக்காத."

அதற்கப்புறம் அவள் வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவள்.

பொங்கல் கழித்து அவள் கண் மஞ்சளானது. பாண்டிச்சேரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தத்தில் அன்றும் இரண்டுதான். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது என்று என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார் டாக்டர். நான் ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்பிச் சண்டைக்கு நின்றேன். அவர் நான் கொண்டுபோன ஃபைலின் முதல் தாளைத் திருப்பிக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன்பு, குடலில் கட்டி முற்றிக் கிடந்தபோது எடுத்த ரிப்போர்ட்டு. அதிலும் இரண்டு.

"சில பேருக்கு இந்தப் புரதம் ஏறாமலே புற்று வளரும். அதனாலதான் ஸ்கேன் கட்டாயம்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

அந்த ஃபைலை ஒன்றரை வருஷம் பீரோவில் வைத்துப் பூட்டியவன் நான்தான். ஒரு நாளாவது முதல் தாளைப் புரட்டியிருந்தால் என்ன, என் கை தேய்ந்தா போயிருக்கும்?

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கேட்டாள்.

"இன்னைக்கும் ரத்தம் எடுத்தாங்களே, நம்பரு எவ்ளோங்க?"

"ரெண்டு."

"அப்ப பயமில்ல" என்று என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.