பிரேக்கம்மா விமானப் பள்ளி தேடிய கதை

பிரேக்கம்மா என்ற பெயரை யார் வைத்தது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொருவரைக் கை காட்டுவார்கள். ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் தப்புப் பண்ணினால் அதை மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். வருஷக்கணக்காக அதை மிதித்தே பழகிய கால், பஸ்ஸில் போனாலும் சும்மா இருக்காது. டிரைவர் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் போதும், இவள் பின் சீட்டிலிருந்து தரையை ஓங்கி மிதிப்பாள். முன்னால் இருப்பவர் முறைத்தால், "உங்களை இல்லைங்க, அவரைச் சொல்றேன்" என்று டிரைவர் பக்கம் கை காட்டுவாள்.

அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்தில் எக்கச்சக்கம். திட்டு வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளாஸை அவள் ஒரு நாளும் ரத்து செய்ததில்லை. மழையா, வா. காய்ச்சலா, மாத்திரை போட்டுக்கொண்டு வா. சொந்தத் தம்பி கல்யாணத்தன்று கூடக் காலையில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். "கிளாஸ் நின்னா கை நின்னுடும்" என்பது அவள் வேதவாக்கு. வண்டி ஷெட்டில் நிற்கிற பள்ளி, பள்ளியே இல்லை என்பாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பேச்சு கம்மி. வீட்டில் இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அவருக்கு அந்தக் குறை தெரியவில்லை. ஒரே மகள். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் வேலை. ஒட்டி ஒட்டி அனுப்பிவிட்டுக் கண்ணாடி வழியாக விமானம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, தான் விமானி ஆகப் போவதாகச் சொன்னாள். வீட்டில் சொல்வதற்கு முன்பே விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையை முடித்துத் தேறியும் இருந்தாள். உடம்பு தேறாவிட்டால் எதற்கு வீண் பேச்சு என்று நினைத்தாளாம். அழுத்தக்காரி. அப்பாவுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான்.

"கண்ணையாவது நான் பார்த்திருப்பேனே" என்றார்.

உள்நாட்டில் இடம் கிடைக்க நாளாகும் என்பதால் வெளிநாட்டில் பள்ளி தேடினார்கள். இங்கேதான் பிரேக்கம்மாவுக்குத் தூக்கம் போனது. வீட்டுச் சேமிப்பு ஒரு தடவைக்குத்தான் காணும். போய்ச் சேர்ந்த பள்ளி சரியில்லை என்று பாதியில் திரும்பினால், மகள் ஆயுசுக்கும் பெட்டிக்குச் சீட்டுத்தான் ஒட்ட வேண்டும். இரண்டாம் தடவை என்ற பேச்சே கிடையாது. அதனால் பள்ளியைத் தானே சலித்து எடுப்பது என்று முடிவு செய்தாள். ஓட்டுவது வானத்திலானால் என்ன, ரோட்டிலானால் என்ன, பள்ளிக்காரன் தில்லுமுல்லு எல்லாம் ஒன்றுதானே?

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் சலித்தாள். ஒரு விமானத்துக்கு எத்தனை பிள்ளைகள்? பழுது பார்ப்பவர் அங்கேயே இருக்கிறாரா, எங்கிருந்தாவது வர வேண்டுமா? ஆசிரியர் பாதியில் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் யார்? அந்த உரிமத்தை நம் நாட்டு உரிமமாக மாற்ற முடியுமா? எல்லாவற்றையும் மகளை விட்டுக் கேட்க வைத்தாள். பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதையும் பறந்த மணிக்கணக்கில் சேர்த்துவிடுவார்களா என்று மகள் கேட்டதும், எதிர்முனையில் இருந்த ஒரு பள்ளிக்காரன் இணைப்பையே துண்டித்துவிட்டான். "குற்றமுள்ள நெஞ்சு" என்றாள் பிரேக்கம்மா.

சலித்ததில் இரண்டு பள்ளிகள் நின்றன. முதல் பள்ளி வருஷம் பூராவும் வெயில் அடிக்கிற ஊரில் இருந்தது. விமானங்கள் ஒரு நாள் கூட நிற்பதில்லை, சொன்ன மாதத்தில் படிப்பு முடியும். அந்தப் பள்ளியைச் சொன்னவர் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்ட். அவர் பிரேக்கம்மாவின் மாணவரும் கூட. ஆபீஸில் சிங்கம், ஸ்டியரிங்கைப் பிடித்தால் முயல்.

இரண்டாவது பள்ளி கடலோரத்தில் இருந்தது. அதை மகளே தேடிப் பிடித்தாள். அந்தப் பள்ளியோடு வீடியோவில் பேச ஒரு காலை நேரம் கிடைத்தது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த தலைமைப் பயிற்சியாளர் அம்மாள் ஓடுபாதை ஓரத்தில் நின்றபடியே பேசினார். அவருக்குப் பின்னால் குட்டி விமானங்கள் வரிசையாகக் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. பிரேக்கம்மாவின் கண் அந்தக் கயிற்றிலேயே நின்றது.

"வெயில் பல்லைக் காட்டிட்டு அடிக்குது. வண்டியெல்லாம் தொழுவத்து மாடாட்டம் கட்டிக் கிடக்குது. ஏன்னு கேளு."

"இன்று விமானங்களுக்கு ஓய்வா என்று அம்மா கேட்கிறார்" என்று மகள் அவர்கள் மொழியில் பவ்வியமாகக் கேட்டாள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போனைத் திருப்பிக் காட்டினார். கம்பத்தில் ஒரு துணிப்பை விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றது.

"அது காத்துப் பைம்மா. காத்து ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்குதாம். தனியாப் பறக்கிற பிள்ளைங்களை இந்தக் காத்துல அனுப்ப மாட்டாங்களாம். படிப்பு எப்ப முடியும்னு தேதி குறிச்சுத் தர முடியாதாம். அப்புறம், யாராவது விமானம் வரைக்கும் போயிட்டு இன்னிக்கு வேண்டாம்னு அவங்களாத் திரும்பி வந்தா, அதை நல்ல விஷயமா குறிச்சு வெச்சுக்குவாங்களாம்."

"ஓட்டாததுக்கு மார்க்கா? உப்பு விக்கப் போனா மழை, மாவு விக்கப் போனா காத்துங்கற கதையால்ல இருக்கு. இவங்க எப்பத்தான் ஓட்டுறது?"

மகள் இதை மொழிபெயர்க்கவில்லை. நன்றி சொல்லி இணைப்பை முடித்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை வாரம் முழுக்க ஓடியது. முதல் பள்ளிதான் என்று பிரேக்கம்மா ஒற்றைக் காலில் நின்றாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"அம்மா, நான் திரும்பி வந்து ஓட்டப்போறது இங்க இருக்கிற மழையிலயும் காத்துலயும். வெயிலை மட்டும் பார்த்துக் கத்துக்கிட்டு வந்து இங்க என்ன பண்றது?" என்றாள் மகள்.

"எல்லாரும் காலி ரோட்டுலதான் முதல்ல கத்துக்கறாங்க. நீ மட்டும் என்ன சந்தைக்குள்ளயே ஆரம்பிக்கப் போறியா?"

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நடுவில் புகுந்தார். கடையில் சோதனைக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கும் அதே குரலில், "இது தெளிவா இருக்கா, முந்தினதா?" என்று மகளைக் கேட்டார். "இது" என்றாள் மகள். "முந்தினது" என்றாள் பிரேக்கம்மா. அவர் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு பள்ளிக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை காலை ஏஜென்ட்டின் கிளாஸ். வானம் கறுத்துக் கிடந்தது. அவர் காருக்கு வெளியே நின்றுகொண்டு ஏறாமல் இழுத்தார்.

"அக்கா, இன்னிக்கு வேண்டாமே. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"ஏறுங்க சார். கிளாஸ் நின்னா கை நின்னுடும்."

ஏறினார். பெரிய சாலையைத் தொடுவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. எதிரே வந்த லாரி சேற்றுத் தண்ணீரை வாரி அடித்ததும் முன் கண்ணாடி மொத்தமும் மறைந்துபோனது. ஏஜென்ட் செய்த காரியம், இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டதுதான். பிரேக்கம்மா மிதித்த மிதியில் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே கொன்றார்கள்.

"மெதுவா ஓரம் கட்டுங்க" என்றாள்.

டயர் கடை ஒன்றின் முன்னால் ஓரம் கட்டினார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் முதல்லயே வேண்டாம்னு சொன்னேனேக்கா" என்றார். கோபமாகக்கூட இல்லை. பாவமாகச் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"சார், அந்த வெயிலூர்ப் பள்ளியில ஒரு பிள்ளை உங்களை மாதிரி இன்னிக்கு வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவாங்க?"

வியாபாரப் பேச்சு வந்ததும் மனிதருக்கு உயிர் திரும்பியது. "அங்க அந்தப் பேச்சுக்கே இடமில்லக்கா. பலகையில பேர் வந்துட்டா ஏறித்தான் ஆகணும். வேண்டாம்னு சொன்னா முறை போயிடும், கடைசிக்குத் தள்ளிடுவாங்க. அதனால யாரும் வாயைத் திறக்கறதில்ல. அதான் அவ்வளவு சீக்கிரம் முடியுது" என்றார் பெருமையாக.

பிரேக்கம்மாவுக்கு மகள் நினைவு வந்தது. இந்த ஆளுக்கு ஓரம் இருந்தது, கட்டினார். பக்கத்தில் நான் இருந்தேன், மிதித்தேன். தனியாக மேலே போகிற என் பெண்ணுக்கு எது ஓரம்? யார் மிதிப்பார்கள்? இத்தனை நாளும் வானத்தை ரோட்டு முழம் வைத்தல்லவா அளந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. கிளாஸ் இவ்வளவு போதும் என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டியைத் தானே ஓட்டிவந்து அவர் வீட்டில் விட்டாள். பாதிக் கிளாஸில் பிரேக்கம்மா அனுப்பிவிட்டாள் என்றால் அவளுக்கு உடம்புக்கு ஏதோ பெரிதாக வந்திருக்கிறது என்று அந்த மனிதர் நாலு பேரிடம் சொல்லி, மத்தியானத்துக்குள் மூன்று பேர் நலம் விசாரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "அந்தக் காத்துப் பை பள்ளிக்கே சரின்னு எழுதிடு" என்றாள்.

மகள் நம்பவில்லை. "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எழுதுன்னா எழுது." இரண்டு எட்டு நடந்தவள் திரும்பி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குப் பயமா இருக்குடி. அவசரத்துல உன்னைத் தப்பான இடத்துல தள்ளியிருப்பேன். ஏறு ஏறுன்னு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. வேண்டாம்னு நீ சொன்னா காது குடுத்துக் கேக்கிற இடத்துலதான் நீ இருக்கணும்."

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்பா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மகள் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. பறந்துவிட்டாளா? மகள் போனில் மழை என்றாள், காற்று என்றாள், மூடுபனி என்றாள். ஆசிரியரோடு சேர்ந்து பறக்கிறாள், தனியாக இன்னும் இல்லை என்று பிரேக்கம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள். வெயிலூர்ப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள் என்று ஏஜென்ட் அவ்வப்போது ஊசி குத்துவார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கடைசியில் ஒரு நாள் செய்தி வந்தது. அடுத்த நாள் காலை மகள் முதல் தடவையாகத் தனியாகப் பறக்கிறாள். பிரேக்கம்மா அதைத் தெருவெல்லாம் சொன்னாள். டயர் கடைக்காரரிடம் சொன்னாள், கணவர் கடைக்குக் கண் பரிசோதிக்க வந்தவர்களிடம் கூடச் சொன்னாள்.

மறுநாள் அவள் வழக்கம்போல ஏஜென்ட்டுக்குக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆமாம், அவர் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருந்தார். போன் அடித்ததும் அதே டயர் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"அம்மா, பறக்கலைம்மா."

"சொல்லு."

"விமானம் வரைக்கும் போனேன். எல்லாம் சரி பார்த்துட்டேன். காத்தும் வரம்புக்குள்ளதான் இருந்துச்சு. உனக்குச் சரின்னா போகலாம்னுதான் அவங்களும் சொன்னாங்க. ஆனா காத்து விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. எனக்கு மனசு ஒப்பலை. இன்னிக்கு வேண்டாம்னு நானே சொல்லிட்டு இறங்கிட்டேன்." குரல் கம்மியது. "எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருப்பே. உனக்குத் தலைகுனிவாப் போச்சு."

பிரேக்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்லை."

"போய் நல்லாச் சாப்பிடு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஏஜென்ட் கார் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். டயர் கடைக்காரரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"என்னக்கா, பறந்துட்டாளா?"

"பறக்கலை. அவளே இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிட்டு இறங்கிட்டாளாம்."

இருவர் முகமும் விழுந்துவிட்டது. "பரவாயில்லக்கா, மனசை விட்டுடாதீங்க" என்று ஏஜென்ட் ஆரம்பித்தார்.

"எனக்கு எதுக்கு சார் ஆறுதல்?" என்றாள் பிரேக்கம்மா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இனிமே அவ எங்க வேணும்னாலும் பறக்கலாம்."