நடக்கத் தெரிந்தவருக்கு ஒரு சக்கர நாற்காலி

இந்த ஊரில் நான் ஒருவர் காலை மிதித்தாலும் அவர்தான் ‘சாரி’ சொல்கிறார். அயர்லாந்துக்கு வந்து ஆறு வருடமாகிறது, இன்னும் எனக்கு இது பழகவில்லை. கடையில் தள்ளுவண்டியைக் கொண்டுபோய் ஒரு பெரியவரின் கணுக்காலில் இடித்தேன். அவர் திரும்பி ‘சாரி, லவ்’ என்றார், நம்மூர் ‘கண்ணு’ மாதிரி. பஸ்ஸில் என் குடைத் தண்ணீர் சொட்டிப் பக்கத்துப் பெண்ணின் பை நனைந்தது, அவளும் சாரி. முதல் வருடம் இதையெல்லாம் ஊருக்குப் போன் போட்டு, என்ன மனுசங்க தெரியுமா என்று பீற்றிக்கொண்டேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் ஒரு விமானக் கம்பெனி. அது என்னிடம் சொன்ன சாரிகளைக் கோத்தால் ஊருக்கே மாலை போடலாம். சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் சேரம்பாடிப் பக்கம் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. திட்டுவார்கள். நான் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் அம்மாவும் நானும் கூடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அப்பா எதிர்க் கடையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். இன்னொரு தடவை ஊதினார். பிறகு அம்மாவிடம் வந்தார்.

“ஏனுங்கம்மா, உங்கூட்டுக்காரரு பஸ் ஏற வந்தாரா, டீ குடிக்க வந்தாரா?”

“அவருக்குக் காது கேக்காதுங்க.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?”

திட்டிக்கொண்டே இறங்கிப் போனார். அப்பாவின் தோளைத் தட்டிக் கூட்டிவந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆளை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பி, அப்பாவை அங்கே உட்காரவைத்துவிட்டுத்தான் ‘ரைட்’ சொன்னார். கூடலூர் வரும்வரை திட்டினார். நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் வேலை நடந்துவிட்டதே.

அப்பா தேயிலை ஃபாக்டரியில் ரோலிங் ரூமில் முப்பத்துநாலு வருடம் நின்றவர். பச்சை இலையை நசுக்கிச் சுருட்டுகிற அந்த மிஷின்களின் இரைச்சல் அவருடைய இரண்டு காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆனால் எட்டாவது வரை படித்தவர். தமிழ் மட்டுமல்ல, இங்கிலீஷ் எழுத்தையும் கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவார். அம்மா கொழுந்து பறித்தவள். சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தாளே, அந்த வருடத்தோடு அவள் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒரு எழுத்தும் தெரியாது. காது மட்டும் பாம்புக் காது. தமிழும் மலையாளமும் அத்துபடி, மலையில் படுகர் பேசுகிற மொழியும் விளங்கும். ஆக, கேட்பது அம்மா, வாசிப்பது அப்பா. ஆஸ்பத்திரி, பேங்கு, ரேஷன் கடை எங்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். கூப்பிடுவது காதில் விழுந்ததும் அம்மா அவர் கையைத் தட்டுவாள், அவர் போர்டைப் பார்த்து வழி காட்டுவார்.

அவர்களுக்குள் பேச்சு பெரும்பாலும் கையால்தான். ரோலிங் ரூமில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது என்பதால் அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. கட்டைவிரலைக் கவிழ்த்தால் மிஷினை நிறுத்து. இரண்டு உள்ளங்கையையும் தலைக்குமேல் கூரை மாதிரி சேர்த்தால் வீட்டுக்குப் போ. நான் சாப்பாட்டுத் தூக்கோடு ஃபாக்டரி வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். அப்பா உள்ளிருந்து கூரை வைத்துக் காட்டுவார். நான் நகரமாட்டேன். அவர் மறுபடி காட்டுவார்.

எனக்குப் பெண் பிறந்து நாலு மாதம் ஆனபோது இருவருக்கும் டிக்கெட் போட்டேன். ஊருக்குப் போய் நாலு வருடமாகியிருந்தது. அவர்கள் பேத்தியைப் போன் திரையில்தான் பார்த்திருந்தார்கள். கோழிக்கோட்டில் ஏறி, வளைகுடாவில் ஓரிடத்தில் மாறி, டப்ளினில் இறங்குவது. அதோடு வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் செய்கிற திருட்டு வேலையை நானும் செய்தேன்: இரண்டு பேருக்கும் சக்கர நாற்காலி கேட்டு எழுதிவைத்தேன். காலில் குறை ஒன்றும் இல்லை. நாற்காலி வந்தால் அதைத் தள்ள ஒரு ஆள் வரும், அந்த ஆள் வழி காட்டும், அவ்வளவுதான் நோக்கம். நம் பக்கத்து விமானம் இறங்கும்போது பாருங்கள், சக்கர நாற்காலிகள் வரிசையாக வரும்; வெளியே பிள்ளைகளைக் கண்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து விறுவிறுவென்று நடப்பார்கள். அற்புதம் நடந்த கோயில் வாசல்தான்.

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல். அவர்களும் இன்னொரு பெரிய கம்பெனியும் இணைந்துவிட்டார்களாம். ‘இனி நாம் ஒரே குடும்பம்’ என்று தலைப்பு, கீழே சிரித்த முகங்கள். மறுவாரம் இன்னொரு மின்னஞ்சல். ஒரே குடும்பம் ஆனதும் செலவைக் குறைக்க முதல் வேலையாகக் கோழிக்கோட்டு விமானத்தை நிறுத்திவிட்டார்கள். கோவையில் ஏற வேண்டும். அங்கேயும் தினமும் கிடையாது. அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை இடம் போட்டிருந்தது, அம்மாவுக்கு வியாழக்கிழமை. இரண்டு கம்பெனி ஒன்று சேர்வதற்கு என் அப்பாவையும் அம்மாவையும் எதற்கய்யா பிரிக்கிறீர்கள்?

போன் போட்டேன். நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

“சாரி. திரு. பழனியாண்டிக்கும் திருமதி மாரிமுத்துவுக்கும் இடம் உறுதியாகியிருக்கிறதே. என்ன பிரச்சினை?”

பழனியாண்டி என் அப்பாவின் அப்பா. மாரிமுத்து என் அம்மாவின் அப்பா. பாஸ்போர்ட்டில் அவரவர் தகப்பன் பெயர் கடைசிப் பெயராக நிற்கிறது. எங்கள் அப்பா ராமையா, அம்மா பார்வதி என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருட்டே இல்லை. கடைசிப் பெயர் வேறு, ஆகவே வேறு வேறு குடும்பம் என்று அதுவாகவே முடிவுகட்டி, செத்துப்போன என் தாத்தாக்கள் இருவரையும் ஆளுக்கொரு விமானத்தில் ஏற்றிவிட்டது.

“அவர்கள் கணவன் மனைவி. தனித்தனியாக வர முடியாது. என் அப்பாவுக்குக் காது என் அம்மாதான்.”

“ஓ, காதில் தொந்தரவா? சாரி. விமானத்தில் பறக்கலாம் என்று டாக்டர் சான்றிதழ் இருந்தால் அனுப்புங்கள்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. சரி, கோவைக்கு ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். மேப்பில் பார்த்தால் பக்கம்தானே, காரில் கொஞ்ச நேரம் என்றாள். சேரம்பாடியிலிருந்து கூடலூர், ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும், மழை பெய்தால் மரம் விழும், வழியில் யானை நின்றால் அது போகும்வரை எல்லாரும் நிற்க வேண்டும் என்று விளக்கினேன்.

“யானையா? எவ்வளவு அழகு” என்றாள் அவள்.

ஐந்தாவது போனில் இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் போட்டார்கள். பதிவு எண் மட்டும் இரண்டு. இடம் அப்பாவுக்குப் பதினாலாம் வரிசை, அம்மாவுக்கு முப்பத்தெட்டு. பக்கத்துப் பக்கத்து இடம் இப்போதெல்லாம் தனியாக வாங்க வேண்டுமாம். வாங்கவும் தயாராக இருந்தேன், தீர்ந்துவிட்டதாம். பழைய கம்பெனியில் எழுதிவைத்த இரண்டு நாற்காலியில் ஒன்றுதான் புதுக் கம்பெனிக்கு வந்து சேர்ந்திருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. அந்த ஒன்றும் அப்பாவுக்கு.

விஷயத்தை வீடியோவில் சொன்னேன். அம்மா கையால் காட்டி அப்பாவுக்கு விளக்கினாள். காது கேட்காதவர் என்பதால் அப்பா தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினார்.

“எனக்கென்ன காலா ஒடஞ்சி போச்சி? மலயில ஏறி எறங்குன காலுடி இது.”

“வுடு புள்ள, அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றாள் அம்மா. “எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. அன்னைக்குக் கப்பல்ல வீட்டு ஆளு ஏழு பேரும் ஒரே அட்டையில வந்தோம். தல எண்ணித்தான் ஏத்துனாங்க. இப்ப ரெண்டு பேருக்கு ரெண்டு நம்பரா?”

அந்த நாற்காலியில் அப்பாவை மறுக்காமல் உட்காரச் சொல்லு, அதுதான் பாதுகாப்பு என்று மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைச் சொன்ன வாயை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பயணத்தன்று பகல் முழுக்கக் கையில் குழந்தையும் போனுமாக உட்கார்ந்திருந்தேன். வளைகுடாவில் இறங்கிவிட்டார்கள் என்று கம்பெனியின் ஆப் காட்டியது. பிறகு ‘ராமையா: உதவி வழங்கப்பட்டது’ என்று வந்தது. பார்வதிக்கு நேரே ‘தகவல் இல்லை’. கால் மணி, அரை மணி, அதே தகவல் இல்லை. இரண்டு பாஸ்போர்ட்டும் வழக்கம்போல அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கும். போன் செய்தால் அம்மாவிடம் போன் இல்லை, அப்பாவுக்குக் கேட்காது. கம்பெனிக்கு அடித்தேன். பியானோ. அழுதுகொண்டே டப்ளினுக்குப் பஸ் ஏறினேன். குழந்தையும் அழுதது. பக்கத்துச் சீட்டுக்காரர் எங்களைப் பார்த்து சாரி என்றார்.

விமானம் இறங்கியது. கூட்டம் கரைந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக வந்து, உட்கார்ந்தவர்கள் எழுந்து நடந்தும் போய்விட்டார்கள். கடைசியாக ஒரு நாற்காலி வந்தது. அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் இரண்டு பை. தள்ளிக்கொண்டு வந்தவர் அப்பா. கம்பெனி ஆள் ஒருவரும் கூட இல்லை. அப்பா போர்டுகளை அண்ணாந்து வாசித்துக்கொண்டே தள்ளினார். பின்னால் ஏதோ வண்டி மணியடித்தது, அம்மா கையைத் தூக்கினாள், அவர் ஓரம் ஒதுங்கினார். நான் பெருங்குரலெடுத்து அழுதேன். இந்த ஊரில் அப்படி யாரும் அழுவதில்லை.

நடந்ததை வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிட்ட பிறகுதான் அம்மா சொன்னாள். “ஒருத்தன் வந்தான் புள்ள. ஒத்த ஆளு ரெண்டு நாக்காலிய சேத்துத் தள்ளுறான், பாவம். அப்பாவையும் இன்னொரு கெழவியையும் லிஃப்ட்டுல ஏத்துனான். என்னைய அந்தப் பக்கமா நடன்னு கையக் காட்டிட்டான். நான் கூப்புடக் கூப்புடக் கதவு சாத்திருச்சி. அவருக்கு எங்க கேக்கப்போவுது.”

“நீ என்னம்மா செஞ்சே?”

“என்ன செய்யிறது? பனி எறங்குனா என்ன செய்வோம்? நின்ன எடத்துலயே நின்னேன்.”

கொழுந்துக் காட்டில் பனி இறங்கிப் பக்கத்து ஆள் தெரியாமல் போனால் அதுதான் சட்டம். போனவர் தேடி வரும்வரை நின்றவர் நகரக்கூடாது. மேலே லிஃப்ட் திறந்ததும் அப்பா திரும்பிப் பார்த்திருக்கிறார், அம்மா இல்லை. எழுந்துவிட்டார். நடக்க முடியாதவர் எழுந்து நின்றதில் தள்ளியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா காலி நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு கீழே வந்து, அதே தூணுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவை அதில் உட்காரவைத்திருக்கிறார்.

“நாக்காலி இருந்தாத்தான் வழி வுடுறானுக” என்றார் அப்பா, குழந்தை விழித்துக்கொள்கிற சத்தத்தில்.

அடுத்த விமானத்தில் கடைசியாக ஏறியவர்கள் அவர்கள்தானாம். உள்ளே போனபின் அம்மா எழுந்து நின்று, நான் இருக்கேன் என்று முன்வரிசைக்கு அடிக்கடி கை காட்டியிருக்கிறாள். பணிப்பெண் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம். அம்மா மறுக்காமல் குடித்துவைத்தாள். டப்ளினில் இறங்கியதும் அப்பாவுக்கென்று வந்த நாற்காலியிலும் அவர் அம்மாவையே உட்காரவைத்துத் தள்ளினாராம்.

விசாவில் எழுதிய மூன்று மாதம் மூன்று நாளாக ஓடியது. திரும்பும் பயணத்துக்காக மறுபடி பியானோ கேட்டேன். திரு. பழனியாண்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தது பதிவாகியிருக்கிறது, ஆகவே உதவி ரத்து, சாரி என்றார்கள். இதற்கு நான் வாயைத் திறக்க முடியுமா? பொய் என்னுடையதுதானே. அடுத்த பருவத்திலிருந்து கோவை விமானமும் கிடையாதாம், போதிய ஆள் இல்லையாம். இனி அவர்களைக் கொச்சிக்கோ சென்னைக்கோ வரச்சொல்லித்தான் ஏற்ற வேண்டும். அந்த வயதில் இன்னொரு தடவை வருவார்களா?

டப்ளினில் அவர்களை வழியனுப்ப நின்றேன். நாற்காலி இல்லாததில் அப்பாவுக்குப் படு குஷி. சோதனை முடிந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் ஏதோ அறிவித்தார்கள். அம்மா நின்று, அவர் கையைத் தட்டினாள். அவர் போர்டைப் பார்த்து விரல் நீட்டினார். புறப்படும் முன் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் தலைக்குமேல் கூரை மாதிரி சேர்த்தார். வீட்டுக்குப் போ.

குழந்தைக்குக் குளிரும், நேரத்தோடு பஸ் பிடி என்றுதான் அவர் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் என் கால் அவர்கள் பக்கமாக ஓரடி போய், முன்னால் நின்ற யாரோ ஒருவரை மிதித்துவிட்டது. அவர் திரும்பி ‘சாரி’ என்றார். நான் அங்கேயே நின்றேன். நகராததைப் பார்த்து அப்பா மறுபடியும் கூரை வைத்துக் காட்டினார்.